தோளுக்கு அளவான துவக்கு

மல்வேர்ன், ஸ்காபரோ
ஜூன் 8

அன்புள்ள பிரசாந்,

நீங்கள் அனுப்பிய உறை வெள்ளிக்கிழமை வந்தது. வேட்டைத் துவக்கு லைசன்ஸுக்கான விண்ணப்பம். மனைவி கையெழுத்திட வேண்டிய இடத்தில் மஞ்சள் ஒட்டுத்தாளில் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்றும் கீறியிருந்தீர்கள். அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு அப்படிச் சிரிக்க வராது.

நான் கையெழுத்துப் போடவில்லை.

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன கிழமை ஃபோனில் நடந்தது உங்களுக்கும் தெரியும். நான் ‘ஏன்’ என்று கேட்டேன். ‘சும்மாதான்’ என்றீர்கள். இன்னொரு ‘ஏன்’ கேட்டேன். ‘ஷிஃப்ட் தொடங்கப் போகுது’ என்று வைத்துவிட்டீர்கள். வடக்கே நீங்கள் தனியே வேலை பார்க்கும் கப்புஸ்கேசிங் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பகுதியில் அன்றைக்கு உங்களுக்கு ஷிஃப்ட் இல்லை. உங்கள் அட்டவணை இங்கே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. ஆகவே கடிதம் எழுதுகிறேன். கடிதத்தை இடையில் வைக்க முடியாது.

விண்ணப்பத்தை அம்மா கண்டுவிட்டா. “உந்தப் பிள்ளை வன்னியில காணாத துவக்கோ? இஞ்சை வந்து காசு குடுத்து வாங்க வேணுமோ?” என்று கேட்டுவிட்டு, அதைக் கொண்டுபோய்ச் சாமி அறையில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டா. ஆசீர்வாதத்துக்கா, ஒளித்து வைக்கவா என்று எனக்கு விளங்கவில்லை.

பின்னேரம் தியாகலிங்கம் மாமா ரூஜில் உள்ள தன் வீட்டிலிருந்து வந்தார். அவருக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. “எங்கட பெடியன் வேட்டைக்குப் போறான்! எடுக்கிறதெண்டா பெரிசா எடுக்கச் சொல்லு பிள்ளை. நீங்கள் கார் எடுக்கேக்கையும் சின்னனா எடுத்திட்டுப் பிறகு பனிக்குள்ள நிண்டு அழுதனீங்கள்.” ஐந்து அறை வீட்டில் மாமியோடு தனியே இருக்கும் மாமா சொல்கிறார்.

நான் வேட்டையைப் பழிக்கவில்லை. ஆட்டிறைச்சிக் கறி சாப்பிடுகிற வாயால் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நவம்பரில் நான் இங்கே காது சோதிக்கிற வேலையை விட்டுவிட்டு உங்களிடம் வருவதாகத் திட்டம். அந்த வீட்டில் ஒரு துவக்கு இருக்கப் போகிறது என்றால், அது எந்தத் துவக்கு, அதைவிட முக்கியமாக எதற்கு என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் கையெழுத்தும் போட மாட்டேன், பெட்டியும் அடுக்க மாட்டேன்.

‘சும்மாதான்’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

கௌசி


கப்புஸ்கேசிங்
ஜூன் 19

அன்புள்ள கௌசி,

நான் கடைசியாக எழுதிய கடிதம் பள்ளிக்கூடத்து அதிபருக்கு, காய்ச்சல் என்று. அதுவும் பொய். பிழைகள் இருந்தால் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பாதேயும்.

எந்தத் துவக்கு என்பது சுகமான கேள்வி. அதை முதலில் எழுதுகிறேன். 338 மக்னம். அந்த எண் குழலின் அகலம், ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கிய கணக்கில். எண்ணும் பெரிது, தோட்டாவும் பெரிது, உள்ளே போகும் வெடிமருந்தும் அதிகம். இங்கே வேட்டையாடுகிற மூஸ் என்றால் நீர் படத்தில் பார்த்த மான் அல்ல. தோள் மட்டத்திலேயே என்னைவிட உயரம். கரடி வந்தாலும் 338 நிற்பாட்டும். என்னோடு எக்ஸ்ரே பகுதியில் வேலை செய்யும் ஜோசே என்கிற பெண்ணிடம் இருப்பது 308. அதைவிடச் சின்னது. அவர் அதாலேயே பல மூஸ் விழுத்தியிருக்கிறார். ஆனால் அவர் பத்து வயதிலிருந்து காட்டுக்குப் போகிறவர். புதிதாகத் தொடங்குகிற எனக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்தேன். மாமாவும் ஃபோனில் அதைத்தான் சொன்னார்.

எதற்கு என்பது கஷ்டமான கேள்வி.

இந்த ஊரில் ஒக்ரோபர் வந்தால் பாதிப் பேர் காட்டுக்குள். சாப்பாட்டு அறையில் போன இலையுதிர்காலம் முழுக்க அதுதான் கதை. நான் புட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தேன். இந்த வருடம் ஜோசேயின் குழுவில் ஒருவர் குறைகிறார். “நீ வா” என்று என்னைக் கூப்பிட்டார்கள். அது இங்கே தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி. கூப்பிடாவிட்டால் எத்தனை வருடம் இருந்தாலும் நான் அந்த எக்ஸ்ரே எடுக்கிற பெடியன்தான்.

இறைச்சியும் ஒரு காரணம். பங்கு கிடைத்தால் குளிர்காலம் முழுக்கக் கடைக்குப் போகத் தேவையில்லை.

[இங்கே ஒரு வரி எழுதி வெட்டியிருக்கிறேன். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்க வேண்டாம்.]

துவக்கு பூட்டுப் பெட்டியில் இருக்கும், தோட்டா வேறு பெட்டியில். சட்டமும் அப்படித்தான், நானும் அப்படித்தான். இங்கே காது சோதனை செய்ய ஆள் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை வேறு ஊரிலிருந்து ஒருவர் வந்து போகிறார். ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், அரைவாசிப் பேர் துவக்குச் சத்தத்தில் காதைக் கெடுத்தவர்கள். உமக்கு வேலைக்குக் குறைவிருக்காது.

கையெழுத்தைப் போட்டு அனுப்பும்.

பிரசாந்


மல்வேர்ன்
ஜூலை 2

அன்புள்ள பிரசாந்,

வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வெட்டியிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதம் வந்த பிறகு நூலகத்திலிருந்து வேட்டைத் துவக்குகள் பற்றி மூன்று புத்தகங்கள் எடுத்து வந்தேன். இரவல் கொடுத்த பெண் என்னைப் பார்த்தாள், புத்தகங்களைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள். அம்மா அட்டையைக் கண்டுவிட்டு, “இப்ப நீயுமோ?” என்றா.

வாசித்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன். 338, 308-ஐப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு திருப்பி உதைக்கும். மூஸ் கல்லுச்சுவர் அல்ல. நெஞ்சில் சரியான இடத்தில் பட்டால் 308 போதும் என்று மூன்று புத்தகமும் சொல்கின்றன. சரியான இடத்தில் படாவிட்டால் 338-உம் போதாது, காயப்பட்ட விலங்கு காட்டுக்குள் போய்க் கிடந்து சாகும். புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் முதல் பிழை தோளுக்குப் பெரிதான துவக்கை வாங்குவது என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு எங்கள் மாமாவைத் தெரியாது. எங்கள் ஆட்கள் எதை வாங்கினாலும் அந்தப் பிழையைத்தான் செய்கிறோம்.

ஆகவே, எந்தத் துவக்கு என்பதில் எனக்கு இப்போது ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. எதற்கு என்பதில்தான் நீங்கள் எழுதியதை நான் முழுக்க நம்பவில்லை.

நேற்றுக் கனடா தினம். எங்கள் டவுன்ஹவுஸ் வரிசைக்குப் பின்னால் பொடியன்கள் வாணம் விட்டார்கள். அம்மா வழக்கம்போல் எல்லா யன்னலையும் சாத்திவிட்டு ரி.வி.யைக் கூட்டி வைத்தா. நான் குசினியில் நின்று அந்த மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே மாத நீண்ட வார இறுதிக்கு நீங்கள் வந்திருந்தபோது அதே இடத்தில் யாரோ சீனவெடி கொளுத்தினார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். என்ன நடந்தது என்று தெரிவதற்குள் மேசைக்குக் கீழே இருந்தேன், நீங்கள் எனக்கு மேலே. உங்கள் கை என் பின்னந்தலையை நிலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. வலிக்கவில்லை. பிறகு எழும்பி, “பல்லி விழுந்ததெண்டு நினைச்சன்” என்றீர்கள். ரொறன்ரோவில் பல்லி. நான் சிரித்தேன், நீங்களும் சிரித்தீர்கள், கோப்பைத் துண்டுகளைக் கூட்டி அள்ளினோம்.

அது முடிந்து இரண்டு கிழமைக்குள் துவக்குக் கதை தொடங்கியது. வெடிச் சத்தத்துக்கு மேசைக்குக் கீழே போகிற ஒருவர், கிடைப்பதிலேயே பெரிய சத்தத்தைக் காசு கொடுத்து வாங்க ஏன் நினைக்கிறார்? எனக்கு அதைத்தான் சொல்ல வேண்டும்.

கௌசி


கப்புஸ்கேசிங்
ஜூலை 14

கௌசி,

நீர் காது சோதிக்கிறவர். மனம் சோதிக்கிறவர் அல்ல.

உங்கள் கிளினிக்குக்கு வருகிற கிழவர்களோடு என்னையும் சேர்த்து ஒரு கோப்பில் போட்டுவிட்டீர் என்று தெரிகிறது. எனக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. நான் வேலைக்குப் போகிறேன், சமைக்கிறேன், வரி கட்டுகிறேன். ஒரு வெடிக்கு விழுந்து படுத்தால் உடனே ஆள் உடைந்தவன் என்று அர்த்தமா?

ஒருவன் துவக்கு வாங்க ஆசைப்பட்டால் அதற்குப் பின்னால் பெரிய கதை இருக்க வேண்டும் என்று புத்தகம் வாசிக்கிறவர்கள்தான் நினைப்பார்கள். இந்த ஊரில் எல்லாரிடமும் இருக்கிறது. அவர்களின் மனைவிமார் யாரும் ‘எதற்கு’ என்று கேட்கவில்லை.

கையெழுத்துப் போட விருப்பமில்லை என்றால் விடும். லைசன்ஸ் உள்ளவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றால் அவருடைய துவக்கால் நான் சுடலாம். ஓகஸ்டில் ஜோசேயோடு சரளைக்கல் தோண்டிய கிரவல் குழிக்குப் போய்ச் சுட்டுப் பழகப் போகிறேன்.

பிரசாந்


மல்வேர்ன்
ஜூலை 25

அன்புள்ள பிரசாந்,

இந்தச் சின்னப் பெட்டிக்குள் நீங்கள் எதிர்பார்ப்பது இல்லை. கையெழுத்து இன்னும் பிள்ளையாருக்குப் பின்னால்தான். இது வேறு.

நான் படித்துக்கொண்டிருந்தபோது காது அச்சு எடுத்துப் பழக ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஆஸ்பத்திரி நடையில் எக்ஸ்ரே மாணவர் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். அவருடைய இரண்டு காதுக்குள்ளும் இளஞ்சிவப்புப் பசையை ஊற்றிவிட்டு, இறுகும்வரை அசையாமல் இருக்கச் சொன்னேன். எடுத்த பிறகு அவர் என்னைப் பார்த்து, “இன்னொருக்காச் செய்ய ஏலாதோ?” என்று கேட்டார். அப்படி ஒருவரும் கேட்டதில்லை. என்னோடு கதை வளர்க்கத் தனகுகிறார் என்று நினைத்தேன். நினைத்தது சரியாகவும் போயிற்று, கல்யாணம்வரை வந்துவிட்டது.

அந்த அச்சுகளை நான் எறியவில்லை. இவ்வளவு காலமும் என் தோட்டுப் பெட்டிக்குள் இருந்தன. உங்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள் என்று வெட்கமாக இருந்தது. அவற்றை வைத்து இந்த ஒரு சோடி காதடைப்பைச் செய்வித்தேன். உங்கள் காதுக்கு மட்டும்தான் பொருந்தும். காட்டில் விழுந்தாலும் தெரியட்டும் என்று செம்மஞ்சள் நிறம். இதற்கு மேலே தலையில் போடும் காதுமூடியும் போடுங்கள். 338-க்கு இரண்டும் வேண்டும். 308-க்கும் வேண்டும்.

உங்களை ஒரு கோப்பில் போட்டதாக எழுதியிருந்தீர்கள். நான் மேசைக்குக் கீழே உங்களோடு இருந்தவள். அங்கிருந்துதான் கேட்டேன்.

இனிக் கேட்க மாட்டேன். காதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கௌசி


கப்புஸ்கேசிங்
ஓகஸ்ட் 17

அன்புள்ள கௌசி,

இதை மூன்றாவது தடவையாக எழுதுகிறேன். இந்தத் தடவை வெட்ட மாட்டேன்.

நேற்றுக் காலை கிரவல் குழிக்குப் போனோம். ஜோசே தன் மாமனாரின் 338-ஐ எனக்காக இரவல் வாங்கி வந்திருந்தார். உம்முடைய காதடைப்பைக் காருக்குள் விட்டுவிட்டு, வெறும் காதுமூடியோடு இறங்கினேன். ரோஷம்தான்.

பெரிய கடுதாசியில் வட்டம் கீறி எதிரே நிற்பாட்டியிருந்தார். முதல் தடவை சுட்டதும் கழுதை உதைத்த மாதிரி இருந்தது. எங்கே பட்டது என்று தெரியவில்லை. இரண்டாவதும் அப்படியே. அதற்குப் பிறகு சுட்டவையும் கடுதாசியின் ஓரத்தில்கூடப் படவில்லை. என் தோளுக்கு நானே எக்ஸ்ரே எடுக்க வேண்டி வரும் போலிருந்தது. ஜோசே துவக்கை வாங்கி, தானே தோட்டா போட்டு என்னிடம் தந்தார். நான் குறிபார்த்து விசையை அழுத்தினேன்.

‘டிக்’ என்றது. அவ்வளவுதான். எனக்குத் தெரியாமல் மருந்தில்லாத வெறும் தோட்டாக் கோதைப் போட்டிருக்கிறார்.

வெடிக்காத அந்தத் துவக்கோடு நான் நின்ற கோலத்தைக் கேளும். குழல் நுனி நிலத்தைக் குத்திக்கொண்டிருந்தது. கழுத்து தோளுக்குள் போயிருந்தது. இரண்டு கண்ணும் இறுக்கிப் பொத்தியபடி. வெடிக்க முன்னமே நான் வெடிக்கு ஒளித்துவிட்டேன்.

ஜோசே சிரித்தார். “எல்லாருக்கும் வாறதுதான். என்ர மனிசனுக்கும் வந்தது. கண்ணை மூடாமச் சுடக்கூடியது எதுவோ அதுதான் உன்ர அளவு. மிச்சமெல்லாம் கடைக்காரன்ர அளவு” என்றார். அவர் சொன்னதை எங்கள் தமிழில் எழுதியிருக்கிறேன். பிரெஞ்சு கலந்த ஆங்கிலத்தில் இன்னும் நன்றாக இருந்தது.

அவருக்கு அது உதைக்குப் பயந்து வருவது. எனக்கு அதில்லை என்று எனக்குத் தெரியும். நீர் இனிக் கேட்க மாட்டேன் என்று எழுதினீர். அதனால்தான் சொல்ல முடிகிறது போலிருக்கிறது.

வன்னியில் ஷெல் விழுமுன் தூரத்தில் ஒரு குத்துச் சத்தம் கேட்கும். அது புறப்படுகிற சத்தம். பிறகு விழும்வரை ஓர் இடைவெளி. எனக்குப் பதினைந்து வயது. பங்கருக்குள் தங்கச்சி அட்சயாவின் தலையைக் கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு எண்ணுவேன். எண்ணி முடித்தும் நாங்கள் இருந்தால் அது வேறு யாருக்கோ விழுந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அடுத்த குத்து. அட்சயா இப்போது ஏஜக்ஸில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவளும் நானும் இதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. அந்தக் கையைத்தான் மே மாதம் உம்முடைய தலையில் வைத்தேன்.

சத்தம் எப்போது வரும் என்பதை எப்போதும் வேறு யாரோதான் தீர்மானித்தார்கள், கௌசி. ஒருமுறையாவது அதைத் தீர்மானிக்கிற விரல் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குச் சின்னச் சத்தம் போதாது என்றும் நினைத்தேன். நான் வெட்டிய வரி அதுதான்.

காருக்குப் போய் உம்முடைய செம்மஞ்சள் சோடியை எடுத்துப் போட்டேன். மேலே காதுமூடி. உலகம் மெல்லத் தள்ளிப்போனது. என் மூச்சு மட்டும் கேட்டது. ஜோசே தன் 308-ஐத் தந்தார். முதலில் வெறும் கோது, பிறகு தோட்டா, பிறகு வெறும் கோது. எது எப்போது என்று எனக்குத் தெரியாது. மத்தியானமளவில் எனக்கு அது பெரிய விஷயமாகவும் இல்லை. கடைசியாகச் சுட்டது வட்டத்துக்குள் பட்டது. பட்டதைக் கண்ணால் கண்டேன். கண் திறந்திருந்தது.

அச்சு எடுத்த அன்றைக்கு இன்னொருக்காச் செய்யச் சொல்லிக் கேட்டது உம்மோடு தனகுவதற்கு அல்ல. அந்தப் பசை இறுகியபோது இருந்த அமைதி எனக்கு அதுவரைக்கும் கிடைத்ததில்லை.

தனகுவதற்கும்தான்.

பிரசாந்


மல்வேர்ன்
ஓகஸ்ட் 26

அன்புள்ள பிரசாந்,

கடிதத்தைக் கிளினிக்கின் சோதனை அறைக்குள் வைத்து வாசித்தேன். வெளிச் சத்தம் எதுவும் உள்ளே வராத சின்ன அறை. மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து வெளியே வந்தபோது, “கண்ணுக்கு என்ன?” என்று கேட்டார்கள். தூசி என்றேன். பல்லி என்று சொல்லியிருக்கலாம்.

நீங்கள் எழுதியதற்குப் பதிலாக நான் அழகாக எதையும் எழுதப் போவதில்லை. எழுத வரும். வருவதால்தான் வேண்டாம் என்று இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பிள்ளையாருக்குப் பின்னால் இருந்து விண்ணப்பத்தை எடுத்தேன். அம்மா பார்த்துக்கொண்டு நின்றா. “போடப் போறியோ?” என்றா. ஓம் என்றேன். “அவன் என்னத்துக்கெண்டு சொன்னவனோ?” “சொன்னவர்.” “என்னவாம்?” “அது அவற்ற விஷயம் அம்மா.” அம்மா பேனை தேடி எடுத்துத் தந்தா. முதல் பேனை எழுதவில்லை. இரண்டாவதையும் அவவே தேடினா.

கையெழுத்திட்ட தாள் இதோடு இருக்கிறது. துவக்கின் பெயர் எழுதுகிற இடம் அதில் எங்கேயும் இல்லை. ஆகவே 338 என்றாலும் என் கையெழுத்துச் செல்லும். எனக்குத் தேவையாயிருந்தது பதில்தான். அது கிடைத்துவிட்டது.

ஒன்று மட்டும். ஒக்ரோபரில் கேதார கௌரி விரதம் தொடங்குகிறது. கல்யாணம் கட்டிய பிறகு நான் அதைப் பிடித்ததில்லை என்று அம்மாவுக்குக் குறை. இந்த வருடம் பிடிக்கப் போகிறேன். புருசனுக்காகப் பிடிக்கிற விரதம். நான் இங்கே மரக்கறியோடு உங்களுக்காகப் பட்டினி கிடக்க, நீங்கள் அங்கே மூஸைத் துரத்திக்கொண்டு திரிவீர்கள். கடவுள் எங்கள் இரண்டு பேரின் கணக்கையும் எப்படித்தான் சேர்த்துப் பார்க்கப் போகிறாரோ.

கௌசி


கப்புஸ்கேசிங்
ஒக்ரோபர் 5

அன்புள்ள கௌசி,

முதலில் மன்னிப்பு. உம்முடைய அம்மாவிடம் சொல்லிவிடாதேயும். நேற்றுப் புரட்டாதிச் சனி. எனக்கு ஞாபகமே இல்லை. காட்டுக்குள் நின்றபோதுதான் நினைவு வந்தது. அப்போது என் கையில் துவக்கு இருந்தது.

விடியப் போய்ச் சதுப்பு நிலத்து ஓரத்தில் இருந்தோம். ஜோசே பக்கத்தில், என் முழங்கை அவரில் முட்டுகிற தூரத்தில். இருவருக்கும் ஒரே துவக்கு, அவருடைய 308. அவர் கையை வாயில் வைத்துப் பெண் மூஸ் மாதிரிக் கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அட்சயா பல் வலிக்கு அழுகிற மாதிரியே இருந்தது. அப்போது எதிர்ப்பக்கத்துப் பற்றையிலிருந்து கொம்பு வந்தது. அதற்குப் பிறகு கன நேரம் கழித்துத்தான் மிச்சம் வந்தது, அவ்வளவு பெரிது. ஜோசே துவக்கை என்னிடம் தந்து, “உன்ர” என்றார்.

காதில் உம்முடைய சோடி. என் மூச்சு எனக்குக் கேட்டது. அது பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்தேன். நானாகத்தான் அழுத்தினேன். முழுவதையும் கண்டேன், கௌசி. அது முன்காலை மடித்தது, பிறகு நிமிர்ந்து பார்த்தது, பிறகு படுத்தது. ஓடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை உமக்கு மட்டும் சொல்கிறேன். என் உதடு எண்ணத் தொடங்கிவிட்டது. நான் நினைத்துச் செய்யவில்லை. எங்கேயோ விழப் போகிறது என்று என் வாய் காத்துக்கொண்டிருந்தது. ஜோசே அதைக் கண்டுவிட்டு, ஏதோ எங்கள் ஊர் வேட்டை வழக்கம் என்று நினைத்துத் தானும் சேர்ந்து பிரெஞ்சில் எண்ணினார், ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, வெகு மரியாதையாக. நான் நிற்பாட்டும்வரை அவரும் நிற்பாட்டவில்லை. எதுவும் விழவில்லை. சதுப்புக்கு மேலால் ஒரு காகம் போனது. அப்போதுதான் நிற்பாட்டினேன்.

கிட்டப் போய்ப் பார்த்தபோது அதன் கண்ணிமை மயிர் நீளமாக இருந்தது. அதன் கழுத்தில் கை வைத்தேன். சூடாக இருந்தது. சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். அப்படி ஒன்றை நான் செய்துவிட்டேன் என்பதை முழுக்கக் கண் திறந்து செய்தேன், அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது. பின்னேரம்வரை வெட்டிச் சுமந்தோம். என் பங்கு ஜோசே வீட்டுக் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. உம்முடைய விரதம் முடியும்வரை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன். நானும் தொட மாட்டேன்.

உம்முடைய கையெழுத்து இருக்கிற தாளை நான் இன்னும் அனுப்பவில்லை. மேசை லாச்சியில் இருக்கிறது. 338 வேண்டாம். அது என்னத்துக்கு வேண்டும் என்று நினைத்தேனோ அது நேற்று முடிந்துவிட்டது போலிருக்கிறது. சொந்தமாக ஒன்று வேண்டுமா என்பதே இப்போது தெரியவில்லை. இந்த முறை நான் தனியே முடிவெடுக்க மாட்டேன். நீர் சொல்லும்.

நவம்பர் பற்றி நீர் ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். வாறீரா?

பிரசாந்


மல்வேர்ன்
ஒக்ரோபர் 12

அன்புள்ள பிரசாந்,

புரட்டாதிச் சனியை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மன்னியுங்கள், வாய் நிற்கவில்லை. அம்மா சாமி அறைக்குள் போய் உங்களுக்காக இன்னொரு விளக்குக் கொளுத்தினா. பிறகு குசினிக்கு வந்து, “தொடை வைச்சிருக்கினமாமோ?” என்று மெதுவாகக் கேட்டா. தியாகலிங்கம் மாமா தீபாவளிக்கே மூஸ் கறிக்கு வரத் தயார். 308 என்றதும்தான் அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம். “ஆளைப் பாத்தா 338 எண்டெல்லே நினைச்சன்” என்றார். “மாமா, அது தோளுக்கு அளவா எடுக்கிற சாமான், வீடில்லை” என்று சொன்னேன். அவரோடு வந்திருந்த மாமி உள்ளேயிருந்து சத்தமாகச் சிரித்தா.

தாளை அனுப்புங்கள். 308 ஒன்றைப் பார்ப்போம், ஆனால் உடனே வேண்டாம். கடைக்கு இரண்டு பேருமாகப் போவோம். தோளில் முட்டக் கொடுக்கிற பிடங்கு எவ்வளவு நீளம் என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்று வாசித்தேன். உங்கள் தோளில் வைத்துப் பார்த்த பிறகு என் தோளிலும் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். நான் சுடுவேன் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இருக்கப் போகிற சாமானின் பாரம் எனக்கும் தெரிய வேண்டும்.

வேலையை விடுவதாகக் கிளினிக்கில் வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டேன். விரதம் முடிந்து, கோயிலில் உங்களுக்கும் சேர்த்துக் காப்பு நூல் வாங்கிக்கொண்டு, நவம்பர் முதல் கிழமை நோர்த்லாண்ட் பஸ்ஸில் வருகிறேன். பஸ் நிலையத்துக்கு வாருங்கள். காப்பைக் கட்ட வலது கையை நீட்டுங்கள், குளிராக இருந்தாலும்.

ஜோசேக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். அது எங்கள் ஊர் வழக்கம் அல்ல என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். வழக்கமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் காதடைப்பைச் செய்வித்த இடத்தில் எனக்கும் ஒரு சோடி செய்வித்திருக்கிறேன். நீல நிறம். வசந்தத்தில் அந்தக் கிரவல் குழிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்குப் பக்கத்தில், முழங்கை முட்டுகிற தூரத்தில் நிற்பேன். அதைப் போட்டால் எனக்கு ஒன்றும் கேட்காது. சுட்ட பிறகு நீங்கள் எண்ணத் தொடங்கினால், உதட்டைப் பார்த்து நானும் சேர்ந்து எண்ணுவேன்.

உங்கள்
கௌசி